தொட்டிலில் இருப்பவரையும் எழுதுங்கள்: தோட்டப்புறத்தில் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு

2010ஆம் ஆண்டு ஜூலை மாதம், மலேசியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வீட்டுல எத்தனை பேரு பாட்டி?"

"நாலு பேருதான் தம்பி."

நாலு பேரின் பெயர், வயது, வேலை எல்லாம் எழுதி முடித்துப் பாரத்தை மடிக்கும்போது உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. விட்டத்தில் கட்டியிருந்த சேலைத் தொட்டில் லேசாக ஆடியது.

"அது யாரு பாட்டி?"

"மக பெத்தது. பன்னெண்டு நாளு ஆகுது. இன்னும் பேரே வைக்கல, அதையும் எழுதணுமா?"

எழுத வேண்டும். பெயர் வைக்காவிட்டாலும் அது ஓர் ஆள். மடித்த பாரத்தைத் திரும்ப விரித்து ஐந்தாவது வரியில் அந்த ஆண் குழந்தையை எழுதினேன். அவன் அந்த நேரம் பார்த்துச் சிணுங்கியிராவிட்டால், நாட்டின் கணக்கில் அடுத்த பத்து வருஷத்துக்கு இல்லாமலே போயிருப்பான்.

இந்த வழிகாட்டி முதல் முறை கணக்கெடுப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக. மலாயில் பான்சி, தமிழில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பழைய தமிழில் குடிமதிப்பு. மலேசியாவில் பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. கடைசியாக 2020இல் நடந்தது; அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030. கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ தங்கள் வட்டாரக் குடும்பங்களை எண்ணிப் பார்க்க நினைத்தாலும் இதே முறை உதவும். நான் 2000இலும் 2010இலும் வீடு வீடாகப் போயிருக்கிறேன். 2020இல் இணையத்தில் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். மூன்று முறையும் என் மனத்தில் இருந்தது ஒரே கேள்விதான்: யார் விட்டுப்போகிறார்கள்?

யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்

மக்களை எண்ணுவது மிகப் பழைய வேலை. கி.பி. 2ஆம் ஆண்டில் சீனத்து ஹான் அரசு எடுத்த கணக்கு இன்றும் இருக்கிறது: 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் குடும்பங்கள், 5 கோடியே 70 லட்சத்துக்கு மேல் மக்கள். ரோமில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை குடிமக்களைப் பதிவு செய்வதற்கென்றே அதிகாரிகள் இருந்தார்கள். அரசர்களுக்குத் தேவைப்பட்டது வரி கட்டுகிறவர்களும் போருக்குப் போகிறவர்களும். அதனால் கணக்கும் அவர்களைச் சுற்றியே இருந்தது.

ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் வயதோடு எழுதுவது பிற்பாடு வந்த பழக்கம். 1703இல் ஐஸ்லாந்துத் தீவில் அப்படி எழுதினார்கள். மொத்தம் 50,358 பேர், அதில் பிச்சையெடுத்துத் திரிந்தவர்களும் உண்டு. அமெரிக்கா 1790இல் தொடங்கியது. யாருக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று முடிவு செய்ய எடுத்த கணக்கு அது. ஆனால் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். பிரிட்டன் 1801இல் ஆரம்பித்தது. இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணியது 1881இல்.

நம் தோட்டங்களுக்கு இது புதிதல்ல. விடியற்காலை இருட்டில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டைப் பிரித்துவைத்துப் பெயர் கூப்பிடுவார். அதுவும் எண்ணிக்கைதான். ஆனால் அதில் இருந்தது அன்றைக்கு வேலைக்கு வந்த கைகள். நோயில் படுத்த தாத்தா, ஆயாக் கொட்டகையில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) கிடந்த பிள்ளைகள், வேலைக்கு ஆகாத கிழவி, இவர்களுக்கு அதில் வரி கிடையாது. செக்ரோலுக்கும் குடிமதிப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாம் எளிதாகப் புரியும்.

ஐக்கிய நாடுகள் சபை சொல்லும் அடிப்படை விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: ஒவ்வோர் ஆளையும் தனித்தனியாக எழுது, எல்லையைக் கீறி அதற்குள் இருக்கும் எல்லாரையும் எழுது, எல்லாரையும் ஒரே நேரத்துக்கு ஒப்பிட்டு எழுது, குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்.

கடைசி விதியைப் பெரிதாக நினைக்காதவர்கள் நம் சரித்திரத்தைப் பார்க்கலாம். நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் 1871 முதல் கணக்கெடுத்தார்கள். 1891 பட்டியலில் ஒரு தலைப்பே 'தமிழரும் ஏனைய இந்தியப் பூர்வீகத்தாரும்' என்று இருந்தது. பிறகு மலாயா முழுமைக்கும் 1911, 1921, 1931. அடுத்தது 1941இல் வந்திருக்க வேண்டும். போர் வந்தது, கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1947இல் எண்ணியபோது மலாயாவில் இந்தியர் தொகை 1931இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. இடையில் ரப்பர் விலை வீழ்ந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையை நிறுத்தியதும் ஒரு காரணம். அப்புறம் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா மரண ரயில். 1942-43இல் 415 கிலோமீட்டர் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் இந்த இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் நடுவில் மறைந்தார்கள். 1941இல் ஓர் ஏடு எழுதப்பட்டிருந்தால், எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கையில் பிடித்துக் கேட்டிருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

1957க்கும் 1970க்கும் இடையே இன்னொரு நீண்ட இடைவெளி. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாகி ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறியது, எல்லாம் அந்தப் பதின்மூன்று ஆண்டுக்குள். அதன்பின் 1970, 1980, 1991, 2000, 2010, 2020 என்று ஆறு முறை மலேசியா எண்ணியிருக்கிறது. 2020 கணக்குப்படி நாட்டில் 3 கோடியே 24 லட்சம் பேர்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை: நடந்து பாருங்கள்

உங்கள் கையில் ஒரு வட்டாரத்தைக் கொடுப்பார்கள். 80 முதல் 120 வரை குடியிருப்புகள் கொண்ட ஒரு துண்டு நிலம் அது. மலாயில் புளோக் பெங்ஹித்துங்ஙான். எல்லைக் கோடு வரைபடத்தில் தெளிவாக இருக்கும், தரையில் இருக்காது. எந்த வாய்க்கால், எந்த மண்சாலை, எந்தச் செம்பனை வரிசை எல்லை என்று முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள். பாரத்தை அன்று தொடவே வேண்டாம்.

பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) என்றால் வீட்டு எண்ணும் ரோட்டுப் பெயரும் இருக்கும், விட்டுப்போக வழி குறைவு. தோட்டம் அப்படி இல்லை. பழைய லயத்தின் பாதியை இடித்திருப்பார்கள். மீதிப் பாதியில் ஆள் இருக்கும். ஸ்டோர் கட்டடத்தின் பின்புறம் தகரம் அடித்து ஒரு குடும்பம் இருக்கும். தோட்டத்துப் பெயரே மாறியிருக்கும். கம்பெனி வைத்த பெயர் ஒன்று, ஜனங்கள் கூப்பிடும் பெயர் ஒன்று. இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது வீடுகள் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றி வாருங்கள். அப்படிச் சுற்றினால் தொடங்கின இடத்துக்கே வந்து சேருவீர்கள், எந்தச் சந்தும் தப்பாது. உலகத்தில் பல நாடுகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கூட உள்ளூர் ஆள் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) நல்ல துணை. அவரைவிட நல்ல துணை, மோட்டாரில் ரொட்டி விற்க வருகிறவரும் கேஸ் தோம்பு (சிலிண்டர்) கொண்டுபோகிறவரும். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது. 2000இல் என் வட்டாரத்தில் ஒரு பழைய ஆயாக் கொட்டகை இருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது. 'காலி' என்று குறித்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு மாதம் கழித்துக் கோயில் அன்னதானத்தில் எனக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்த பெரியவரிடம், "எங்க தாத்தா இருக்கீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "ஆயாக் கொட்டகையிலதான் அப்பா, பின்பக்கக் கதவு தொறந்திருக்கும்" என்றார். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், பிள்ளை குட்டி இல்லாதவர். கணக்கு அதற்குள் மேலே போய்விட்டது. அவரை நான்தான் விட்டேன். அதன் பிறகு எந்தக் கட்டடமாக இருந்தாலும் பின்பக்கம் போய்ப் பார்க்காமல் 'காலி' என்று எழுதியதில்லை. துணிக்கொடி, செருப்பு, தண்ணீர் பிடித்து வைத்த தோம்பு, நாய்க்கு வைத்த சோறு, இவற்றைப் பாருங்கள். பூட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வீடு வேறு, குடும்பம் வேறு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கே. கணக்கெடுப்பில் முதலில் குடியிருப்பு, அதற்குள் குடும்பம், அதற்குள் ஆட்கள். ஒரு குடியிருப்பில் இரண்டு குடும்பம் இருக்கலாம்.

எது ஒரு குடும்பம்? ஒன்றாக வாழ்ந்து, சாப்பாட்டுக்கும் மற்றத் தேவைகளுக்கும் ஒன்றாகச் செலவு செய்கிறவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவிலும் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் என்றுதான் கேட்கிறார்கள். தமிழில் இதைக் கேட்க ஒரே கேள்வி போதும்: "எல்லாருக்கும் ஒரே உலையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், வீட்டின் உள்கதை முழுக்க வந்துவிடும். அண்ணன் முன்னறையில், தம்பி பின்னறையில், அடுப்பு ரெண்டு: இரண்டு குடும்பம். மாமியார் தனியாகப் பொங்குகிறார் ஆனால் அரிசி மகன் வாங்கிப் போடுகிறார்: அங்கே கொஞ்சம் பேசிப் பார்க்க வேண்டும், செலவு ஒன்றென்றால் ஒரே குடும்பம். மூன்று இளைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, காசு போட்டுச் சமைக்கிறார்கள்: உறவே இல்லாவிட்டாலும் ஒரே குடும்பம்.

இதில் ஒரு நாசூக்கு உண்டு. அண்ணன் தம்பி அடுப்புப் பிரித்தது ஊருக்குத் தெரியக் கூடாது என்று சில வீடுகளில் நினைப்பார்கள். அதனால் இந்தக் கேள்வியை வாசலில் நின்று சத்தமாகக் கேட்காதீர்கள். உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்த பிறகு, மெதுவாகக் கேளுங்கள்.

எந்த நாள், யார் இந்த வீட்டு ஆள்

கணக்கெடுப்பு நாள் என்று ஒன்று உண்டு. 2010இல் அது ஜூலை 6, 2020இல் ஜூலை 7. நீங்கள் எந்த நாளில் கதவைத் தட்டினாலும் அந்த நாளில் நிலைமை என்ன என்பதுதான் கேள்வி. அந்த நாளுக்குப் பிறகு பிறந்த குழந்தை சேராது. அந்த நாளில் உயிரோடிருந்து மறுநாள் இறந்தவர் சேருவார். துக்க வீட்டில் இதைக் கேட்பது கஷ்டம். நான் ஒரு முறை கேட்க வேண்டி வந்தது. கருமாதி முடியும்வரை காத்திருந்து போனேன். காலக்கெடு அதற்கு இடம் கொடுக்கும்.

உலகத்தில் இரண்டு வகையாக எண்ணுவார்கள். அன்றிரவு எங்கே தூங்கினாரோ அங்கே எழுதுவது ஒன்று. வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில் ஒரே இரவில் நாடு முழுவதும் இப்படித்தான் எழுதினார்கள். வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே எழுதுவது இன்னொன்று. மலேசியாவில் இப்போது இதுதான். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஓரிடத்தில் தங்கியிருந்தால், அல்லது தங்குவதாக இருந்தால், அவர் அந்த இடத்து ஆள்.

தோட்டப்புறத்தில் இது மிகவும் முக்கியம். பிள்ளைகள் பாதிப் பேர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். அம்மாவைக் கேட்டால், "எம் மவனும் இந்த வீடுதான்" என்பார். தீபாவளிக்கு மட்டும் வருகிறவர் என்றால் அவர் கோலாலம்பூர் ஆள். அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையனிடம் யாராவது போய்க் கேட்டார்களா என்ற பயம் உங்களுக்கும் வரும். அம்மாவிடமே சொல்லி விடுங்கள்: "அங்க வந்தா பதில் சொல்லச் சொல்லுங்க." இரண்டு இடத்திலும் எழுதுவது பிழை, இரண்டு இடத்திலும் விடுவது அதைவிடப் பிழை.

எப்போது போவது, எப்படிக் கேட்பது

பால்வெட்டும் குலைவெட்டும் விடியுமுன் தொடங்கிவிடும். காலையில் போனால் லயத்தில் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். மத்தியானம் வந்து சாப்பிட்டுப் படுப்பார்கள். அந்தத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். மாலை 5 முதல் 7 வரை நல்ல நேரம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் ஊர் உறவு சொல்லிப் பேசுங்கள்.

சில பெரியவர்களுக்குத் தலையை எண்ணுவதே பிடிக்காது. பிள்ளைகளை எண்ணினால் கண் படும் என்பார்கள். தாவீது அரசன் ஜனங்களை எண்ணியதால் கொள்ளைநோய் வந்தது என்று பைபிளிலும் கதை இருக்கிறது. இந்த அச்சம் நம் லயத்துக்கு மட்டும் உரியதல்ல. விரலை நீட்டி ஒன்று இரண்டு என்று எண்ணாதீர்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள், எண்ணிக்கை தானே வந்துவிடும். "எத்தனை பேர்" என்று நான் பாட்டியிடம் கேட்டதே தப்பு. "யார் யார் இருக்கீங்க, பேரைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். குடும்பத் தலைவர், துணை, பிள்ளைகள் மூத்தவரிலிருந்து, அப்புறம் பெற்றோர், மற்ற உறவினர், உறவில்லாதவர் என்று வரிசையாக வந்துவிட்டு, கடைசியில் மூன்று கேள்வி:

கைக்குழந்தை யாராவது உண்டா, பேர் வைக்காதது உட்பட?

இப்போ ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க, வேலைக்குப் போயிருக்கிறவங்க யாரும் உண்டா?

படுத்த படுக்கையா உள்ள யாராவது இருக்காங்களா?

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விட்டுப்போவது உலகம் முழுவதும் நடக்கிறது. அமெரிக்காவில் 2020 கணக்கெடுப்பைச் சோதித்துப் பார்த்தபோது அந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே அப்படி.

பாட்டியின் வயது

"எழுவது எழுவத்தஞ்சு இருக்கும்" என்ற பதிலை அப்படியே எழுதிவிடாதீர்கள். எல்லாரும் அப்படி எழுதினால் வயதுக் கணக்கில் 60, 65, 70 என்று குன்று குன்றாக நிற்கும், நடுவில் பள்ளம் விழும். புள்ளியியலாளர்கள் இதைப் பிடிப்பதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், விப்பிள் குறியீடு என்று பெயர். வயதுகள் ஒழுங்காக இருந்தால் 100 வரும். எல்லாருமே 0இலும் 5இலும் முடிகிற வயதைச் சொல்லியிருந்தால் 500 வரும். அடையாள கார்டு இருந்தால் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பழைய ஆட்களுக்குக் கார்டில் இருக்கும் தேதியே கிராணி குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கும்.

அதற்கு ஊர் நாட்காட்டி ஒன்றைத் தயார் செய்து கொண்டுபோங்கள். ஜப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர். சரணடைந்தது 1945 ஆகஸ்ட். எல்பில் தோட்டத்தில் துரையைச் சுட்டு அவசரகாலம் வந்தது 1948 ஜூன். சுங்கை சிப்புட் பெரியவர்களில் இந்தக் கதையைக் கேட்டு வளராதவர்கள் குறைவு. அதன்பின் முள்வேலி போட்டு லயங்களை ஒன்றாகச் சேர்த்த காலம். 1957 ஆகஸ்ட் 31 மெர்டேக்கா (சுதந்திரம்). 1969 மே கலவரம். இவற்றோடு தோட்டத்துச் சம்பவங்களையும் சேருங்கள்: கோயில் கும்பாபிஷேகம், பால்மரத்தை அழித்துச் செம்பனை வைத்த வருஷம், பள்ளிக்கூடம் இடம் மாறியது.

ஒரு பாட்டி என்னிடம் வயது தெரியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "மெர்டேக்கா அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அன்னிக்கு தோட்டத்துல மிட்டாய் குடுத்தாங்க. எனக்கு அப்பதான் காது குத்தினாங்க, தங்கச்சியும் நானும் ஒரே நாளுல. அவ என் மடியில உக்காந்திருந்தா." மடியில் தங்கச்சியை வைத்துக்கொள்ளும் வயது. தங்கச்சிக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது, 1954. பாட்டி அவளைவிட எவ்வளவு பெரியவர் என்று கேட்டு, நடுவில் ஒரு பிள்ளை பிறந்து இறந்ததையும் அவர் நினைவுபடுத்திச் சொல்ல, 1949 என்று முடிவுக்கு வந்தோம். அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி வீணில்லை. பக்கத்தில் சீனக் குடும்பங்கள் இருந்தால் எந்த மிருக வருஷத்தில் பிறந்தார் என்று கேளுங்கள். பன்னிரண்டாண்டுச் சுற்று என்பதால் உடனே கணக்கு வந்துவிடும்.

இனம், மொழி, மதம், வேலை

இனம் என்பது அவர் தன்னை என்னவென்று சொல்கிறாரோ அது. நிறத்தையும் பெயரையும் பார்த்து நீங்கள் எழுதக் கூடாது. இந்தியர் என்பதற்குள் தமிழர், மலையாளி, தெலுங்கர், சீக்கியர், இலங்கைத் தமிழர் என்று தனித்தனியே உண்டு. நாலு தலைமுறையாகத் தமிழ் மட்டுமே பேசும் தெலுங்குக் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். மதமும் அப்படித்தான்.

வேலையில்தான் பெண்கள் காணாமல் போகிறார்கள். "என்ன வேலை அக்கா?" என்றால், "சும்மாதான் இருக்கேன்" என்பார். 1881இல் இங்கிலாந்தில் வீட்டுவேலை செய்யும் மனைவியரைத் தொழில் இல்லாதோர் வகுப்பில் போட்டார்கள்; நாமும் அந்தத் தப்பைத் தொடர வேண்டாம். "போன வாரம் உதிரிப் பழம் பொறுக்கப் போனீங்களா? துணி தைச்சுக் குடுத்தீங்களா? நாசி லெமாக் கட்டி வித்தீங்களா?" என்று கேளுங்கள். பத்தில் ஆறு அக்காமார் "ஆமா, அது போவேன்" என்பது என் அனுபவம். ஆண்களிடமும் 'தோட்ட வேலை' என்று நிறுத்திவிடாமல் குலை வெட்டுகிறாரா, மருந்தடிக்கிறாரா, டிராக்டர் ஓட்டுகிறாரா என்று எழுதுங்கள்.

கார்டு இல்லாதவர்களும் அந்நியத் தொழிலாளர்களும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

நம் தோட்டங்களில் இன்னும் சிவப்புக் கார்டோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டையோடு) இருக்கும் பெரியவர்கள் உண்டு. பிறப்புப் பத்திரமே எடுக்காத பிள்ளைகள் உண்டு. கணக்கெடுப்பவரைப் பார்த்ததும் அவர்கள் பின்வாசல் வழியே நழுவுவார்கள். குடியுரிமை இருந்தால்தான் எண்ணுவோம் என்று விதி இல்லை. நாட்டுக்குள் வசிக்கும் எல்லாரையும் எண்ண வேண்டும் என்பதுதான் விதி. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்றைக்கு நம் தாத்தா பாட்டி இருந்த அதே லயத்தில் பங்களாதேஷிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில். கட்டுமான இடத்தில் தொழிலாளர் தங்கும் கொங்சி வீட்டிலும் அப்படியே. அவர்களும் உங்கள் வட்டாரத்து மக்கள். "அவங்க பேரு நமக்கு வாயில நுழையாது, பத்துன்னு போட்டுக்குங்க" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். கேட்காதீர்கள். நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்கள் பெயரையும் வாயில் நுழையவில்லை என்று கோணல்மாணலாக எழுதிவைத்தார்கள். அந்தப் பிழைகளைத் திருத்த நம் குடும்பங்கள் இன்னும் ஆபீஸ் ஆபீஸாக அலைகின்றன. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, அவர்களையே உச்சரிக்கச் சொல்லி எழுதுங்கள்.

அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1942இல் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளி மக்களை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எங்கெங்கே வசிக்கிறார்கள் என்று அறிய 1940 கணக்கெடுப்பின் விவரங்கள் உதவின. அப்படிப்பட்ட அநியாயங்கள் நடந்ததால்தான் தனி ஆளின் விவரம் இரகசியம் என்ற கொள்கை உலகெங்கும் வலுப்பட்டது; 1994இல் ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் ஆணையம் அதை ஓர் அடிப்படைக் கோட்பாடாக ஏற்றது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் வைக்கிறது. நீங்கள் கேட்டது போலீசுக்கும் போகாது, இமிகிரேஷனுக்கும் போகாது. காப்பிக்கடைக்கும் போகக் கூடாது. எந்த வீட்டில் யார் யாரோடு இருக்கிறார்கள் என்று உங்கள் அம்மாவிடம்கூடப் பேசாதீர்கள். சின்ன ஊர் இது. ஒரு வார்த்தை கசிந்தால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

சரிபார்ப்பது

கதவு திறக்காத வீட்டுக்கு வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் மூன்று முறையாவது போங்கள். அக்கம்பக்கம் கேட்டு நிரப்புவது கடைசி வழி.

எல்லாம் முடிந்த பிறகு விட்டுப்போனது எத்தனை என்று தெரிந்துகொள்ள ஓர் அருமையான வழி உண்டு. 1949இல் சி. சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் பிறப்பு, இறப்புப் பதிவுகளைச் சோதிக்கக் காட்டிய முறை. இன்று பல நாடுகள் குடிமதிப்பைச் சோதிப்பதும் இதே வழியில்தான். ஒன்றையொன்று பார்க்காமல் எடுத்த இரண்டு பட்டியல் வேண்டும். ஊர்க் கணக்கு எடுக்கும் கோயில், பள்ளிக்காரர்களுக்கு இது மிகவும் பயன்படும். உதாரணத்துக்கு, நீங்கள் வீடு வீடாகப் போய் எடுத்ததில் 200 குடும்பம். கோயில் வரிப் பட்டியலில் 150. இரண்டிலும் இருக்கும் பெயர் 120. அப்படியென்றால் கோயில் பட்டியலில் இருந்த 150இல் நீங்கள் பிடித்தது 120, அதாவது ஐந்தில் நாலு. ஊர் முழுவதிலும் நீங்கள் ஐந்தில் நாலைத்தான் பிடித்திருப்பீர்கள் என்று கொண்டால், 200ஐ 150ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் 250. இரண்டு பட்டியலிலும் சேர்த்து உங்களிடம் 230 குடும்பம் இருக்கிறது. மீதி சுமார் 20 குடும்பம் இரண்டிலும் இல்லை. அவர்கள் வரி கட்டாதவர்கள், வீட்டு எண் இல்லாதவர்கள், கட்டடத்தின் பின்பக்கம் இருப்பவர்கள். தேட வேண்டிய இடம் அதுதான்.

பயிற்சி வகுப்பு தொடங்குவதற்கு முன் இன்று ராத்திரி ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு தாளை எடுத்து உங்கள் சொந்த வீட்டையே எழுதுங்கள். யார் யார், ஒரே உலையா, யார் எங்கே ஆறு மாதமாக இருக்கிறார், அம்மா போன வாரம் என்ன வேலை செய்தார். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, மெர்டேக்கா அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். பென்சிலில் எழுதுங்கள், அழித்து எழுத வேண்டி வரும்.